சிவப்பு மையில் ஒரு குழம்பு

போன மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் ஓர் அம்மாள் கருவாட்டுப் பையோடு ஏறினார். அவர் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்து முகங்கள் ஜன்னலுக்குத் திரும்பின. கண்டக்டர் வந்து, "ஏக்கா, பையப் பின்னாடி கொண்டு போங்க. பஸ்ஸே நாறுது" என்றார். அந்த அம்மாள் அசரவில்லை. "இங்கதான் நாறும். வீட்டுல கொதிக்கிறப்ப ரெண்டாவது வட்டம் சோறு கேப்பீக" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு சின்னப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்து, அன்று போன காரியமே மறந்துபோயிற்று. இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழிக்கு அப்பால் ஒரு சின்ன கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். என் பணியின் கடைசி வருடம் அது. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். மொத்தம் இருபத்துமூன்று பிள்ளைகள். எனக்குத் துணையாக ஜெசிந்தா டீச்சர். இளம் வயது. ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவர், பிள்ளைகளே எழுதும் சமையல் புத்தகம் ஒன்றைத் தயாரித்து, பொங்கல் கழித்து வரும் ஆண்டு விழாவில் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்றார். வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதை அவரவர் பேச்சிலேயே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உடனே பிடித்துப்போனது. புத்தகம் என்றால் எனக்கு ஒரு பலவீனம். அதைவிடப் பெரிய பலவீனம் தலைப்பு. ஜெசிந்தா டீச்சர் "எங்க வீட்டுச் சோறு" என்று வைக்கலாம் என்றார். அன்று மாலையே நான் "அன்னையின் அமுதக் கரங்கள்" என்று மாற்றிவிட்டேன். வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவன் சமையல் புத்தகத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். அட்டையிலும் அப்படித்தான் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டார்கள். பள்ளிக்கூடம் கேட்கிறது, விழாவுக்குக் கல்வி அதிகாரி வேறு வருகிறார் என்றதும் ஊர் உஷாராகிவிட்டது. காலையில் நீச்சத்தண்ணியைக் குடித்துவிட்டு நூறுநாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிற வீடுகளிலிருந்து பன்னீர் பட்டர் மசாலா வந்தது. கரண்டு அடுப்பே இல்லாத வீட்டிலிருந்து சாக்லேட் கேக் வந்தது. மூன்று வீடுகளிலிருந்து ஒரே ஐதராபாத் பிரியாணி, ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. மூவரும் ஒரே போனைப் பார்த்து எழுதியிருந்தார்கள். நான் பூரித்துப்போனேன். என் பள்ளிப் பெற்றோர் இவ்வளவு முன்னேறியிருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

உண்மை எழுதிய ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் தொந்தரவு. ஒருவன், "அம்மா பாக்கெட்டைப் பிரிப்பாங்க, ரெண்டு நிமிஷத்துல ஆயிரும்" என்று முடித்திருந்தான். அதைக் கோதுமைச் சேமியா உப்புமா ஆக்கினேன். இன்னொருவன், "புளி எங்க தம்பி மூக்கு அளவு" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்து "நெல்லிக்காய் அளவு" என்று போட்டேன். "அடுப்பு புகையும், வெளியே ஓடிப்போய்க் கண்ணத் தொடச்சுட்டு வரணும்" என்ற வரியை முழுசாக எடுத்துவிட்டேன். செய்முறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எல்லாக் குறிப்பிலும் "உப்பு" திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கூறியது கூறல் குற்றம் என்று படித்தவன் நான். எல்லா உப்பையும் நீக்கினேன். அச்சாகி வந்த பிறகு என் மனைவி புரட்டிப் பார்த்துவிட்டு, "இருவத்திமூணு வீட்டுலயும் ரத்தக்கொதிப்பா?" என்று கேட்டாள்.

அந்த இருபத்துமூன்றில் ஒன்று காளீஸ்வரியுடையது. நாலாம் வகுப்பு. அதிகம் பேசாத பிள்ளை. அப்பா முனியாண்டி கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, நாள் கணக்கில் காவலிருந்து கரியாக்குகிற வேலை. காளீஸ்வரியின் சீருடையில் எப்போதும் லேசாகப் புகை வாடை இருக்கும். அம்மா மூன்று வருடத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார். ஏன், யாரோடு என்பதை ஊர் பலவிதமாகப் பேசியது. முனியாண்டி ஒரு விதமாகவும் பேசவில்லை. காலையில் ஆக்கி வைத்து, பிள்ளைக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு மூட்டத்துக்குப் போவார். கோணல் வகிட்டைப் பார்த்தாலே அது அவர் பின்னியது என்று தெரியும்.

மற்றப் பிள்ளைகளெல்லாம் வீட்டில் கேட்டு எழுதினார்கள். பரிசு கொடுக்கப்போகிறவருக்கே அதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று காளீஸ்வரி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாரம் அப்பா அடுப்படியில் நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, கருவாட்டுக் குழம்பு எழுதிக்கொண்டு வந்தாள். நோட்டுத் தாளில் இரண்டு பக்கம், பென்சிலில்.

நான் அதைத் திருத்தினேன். வழக்கமான திருத்தங்களோடு, "அப்பா" என்று வந்த இடமெல்லாம் அடித்து "அம்மா" என்று எழுதினேன். தலைப்பு அன்னையின் கரங்கள் அல்லவா? அதைவிட முக்கியமாக, அப்பா சமைக்கிறார் என்று அச்சில் வந்தால், அம்மா இல்லாதது சபையில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். சபையில் இருக்கப்போவது அதே ஊர்க்காரர்கள்தான் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை. அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜெசிந்தா டீச்சர் மட்டும் கேட்டார். "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே சார்?"

"அதுக்கென்ன தெரியும்?" என்றேன்.

விழா நடந்தது. அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் எடுத்து, சுருள் கம்பி போட்ட புத்தகம். அட்டையில் பட்டுச்சேலையும் வைர மூக்குத்தியுமாக ஒரு பெண் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. அதிகாரி புரட்டிப் பார்த்து, கிராமத்துப் பாரம்பரியம் காக்கப்படுவதாகப் பாராட்டினார். பன்னீர் பட்டர் மசாலாவுக்குக் கைதட்டல் விழுந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் அம்மாவிடம் கொடுத்தார்கள். காளீஸ்வரி கூட்டத்தின் கடைசிக்குப் போனாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் முனியாண்டி நின்றிருந்தார். மூட்டத்தை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கரி போகவில்லை. எட்டாவது வரை படித்தவர். பக்கத்தைத் தேடி எடுத்து நின்றபடியே படித்தார். படித்துவிட்டு மகள் தலையில் கை வைத்தார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் காளீஸ்வரி என்னிடம் வந்தாள்.

"சார், நான் அப்பான்னுதான சார் எழுதுனேன்?"

அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் அம்மான்னுதான் தாயி போட்டிருக்கு. அதெல்லாம் போய் அப்பாகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத, என்ன?" என்றேன். தலையாட்டினாள். பெரிய சார் சொன்னால் மீறுகிற பிள்ளை இல்லை அது.

அடுத்த வாரம் முனியாண்டி பள்ளிக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார். மல்லாங்கிணறில் காளீஸ்வரியின் பெரியம்மா வீடு இருக்கிறது, அவளை அங்கே விடப்போகிறார்.

"நாந்தான் ஆக்கிப் போடுறேன். அதயும் அம்மா ஆக்குனான்னு எழுதியிருக்கா சார். புள்ள மனசுல அவதான் இருக்கா. அவ அக்கா வீடுன்னா அவ எப்பயாச்சும் வந்து போவா. புள்ள அவளப் பாத்துக்கிரும்ல."

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுதவில்லை, நான்தான் எழுதினேன் என்று. நாற்பது வருடம் பிள்ளைகளை எழுந்து நின்று உண்மையைச் சொல்லச் சொன்னவன் நான். ஓய்வுபெற நாலு மாதம் இருந்தது. பாராட்டு விழாவுக்கு ஊரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு கரிமூட்டக்காரர் முன்னால் வெட்கப்பட எனக்கு மனமில்லை. சான்றிதழை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று நல்ல கையெழுத்தில் போட்டேன். வராண்டாவில் புத்தகப் பையோடு நின்றிருந்த காளீஸ்வரி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நான் முத்திரையைத் தேடுவதுபோல மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, பட்டா நகல் வாங்க திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போனபோது வரிசையில் முனியாண்டி நின்றிருந்தார். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், ஆறாவது சேர்க்கிறார்களாம். நன்றாகப் படிக்கிறாளா என்றேன். படிக்கிறாள் என்றார். அவள் அம்மா வந்து போகிறாரா என்றேன். ஒரே ஒரு தடவை வந்து, டீ குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அவரே மாதம் ஒருமுறை போகிறாராம். போனால் காளீஸ்வரி முன்போல் ஒட்டுவதில்லையாம். "வளந்துட்டாள்ல" என்றார்.

அங்கேயே, வேப்பமரத்தடியில், எல்லாவற்றையும் சொன்னேன். அவளை வாயை மூடச் சொன்னது உட்பட.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த விண்ணப்பத்தை நாலாக மடித்தார், பிரித்தார்.

"அப்ப அப்பான்னுதான் எழுதியிருந்தாளா?"

"ஆமா."

"என்ன எழுதியிருந்தா சார்? சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். "கருவாட்டை வெந்நீரில் இருமுறை நன்கு அலசவும்" என்று வந்தது. அது என் வாக்கியம். அவளுடையதைத் தேடினேன். "எங்கப்பா" என்று தொடங்கியது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தம்பி மூக்கு அளவு புளி ஞாபகம் இருக்கிறது, பலரிடம் சொல்லிச் சிரித்ததால். இந்தப் பிள்ளை இரண்டு பக்கம் பென்சிலில் எழுதியது போய்விட்டது. தாளாவது இருக்கிறதா என்று கேட்டார். ஓய்வுபெற்ற அன்று அறையைச் சுத்தம் செய்து, பழைய பரீட்சைத் தாள்களோடு அதையும் எடைக்குப் போட்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஞாபகம் வந்தா சொல்லியனுப்புங்க சார்."

ஆறு வருடம் ஆகிறது. நான் திருத்தியது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.