களஞ்சியம் விழட்டும்

ஓர் ஊரே இடிக்க வேண்டாமென்று மன்றாடிய கட்டடம் எப்போது விழும் என்று கனடாவின் மொன்றியலில் இருந்து நாள் எண்ணியவள் நான். கல் நெஞ்சுக்காரி என்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

இங்கே அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய பிறகு, என் கணவருக்கு மேற்கே சமவெளியில் ஒரு சிற்றூரின் தானியக் களஞ்சியத்தில்தான் வேலை கிடைத்தது. இரண்டு வருடம். நானும் மகளும் இங்கே நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில். ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, பஸ்ஸில் இடிபட்டு வந்து, அவருடைய ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்காகக் காத்திருப்பேன்.

அழைத்தால் "சாப்பிட்டீரோ?" என்பார். பிறகு களஞ்சியக் கதைதான். ஒருகாலத்தில் தண்டவாளத்தோரம் ஐந்து நின்றனவாம், எல்லாம் மரம். கோதுமையை வாளிகள் கோத்த பட்டியில் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து ரயில் பெட்டிக்குள் இறக்குவார்களாம். பக்கத்து ஊரில் பெரிய கொங்கிறீற் களஞ்சியம் வந்ததும் நான்கை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது அவருடையது.

"இதையும் இடிக்கப்போகினமாம்," என்று ஒருநாள் இழுத்தார்.

எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. "அப்ப வீட்டை வாறீங்கள்தானே?"

"ஓம், ஓம்."

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அலுமாரியில் அவருக்கு இடம் ஒதுக்கினேன். அவருடைய குளிர்ச்சட்டையை எடுத்து மடித்தேன், திரும்ப எடுத்து மடித்தேன். பருப்பு இரண்டு தரம் அடிப்பிடித்தது. அப்பா எப்போது என்று மகள் பிரெஞ்சில் நச்சரித்தாள். "இந்தா, வாறார்," என்றேன். இடிக்கும் நாள் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு தரமும் போனது. அதை அருங்காட்சியகமாக்கச் சொல்லி ஊரே மனுக் கொடுத்திருந்ததாம். வேலை வெட்டி இல்லாத சனங்கள்! வாய்விட்டே ஏசினேன்.

மனு வென்ற ஞாயிறு அவர் அழைக்கவில்லை. நானே அழைத்தேன்.

"இதைப் பார்த்துக்கொள்ள ஒராள் வேணுமாம்," என்றார்.

"அதுக்கு?"

"என்னைத்தான் நிக்கச் சொல்லிக் கேக்கினம்."

"இஞ்சருங்கோ, நீங்களும் அந்த மனுவிலை கையெழுத்து வைச்சனீங்களோ?"

"முதல் கையெழுத்தே என்ரைதான்." குரல் இறங்கியது. "இஞ்சை என்னட்டைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யினம். அங்கை வந்து நான் ஆர்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே வந்தால் அவர் யாரென்று கேட்கிறார்!

மகள் ஓடிவந்து போனுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.