பெயர் சொல்லாத விண்ணப்பம்

வெள்ளிக்கிழமை வரவேண்டிய கட்டுரை வரவில்லை. எங்கள் கலக்கம் அதில்தான் தொடங்கியது.

எங்கள் மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ் வார இதழுக்கு எழுதுகிறாள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடு அது. உள்ளதை எழுதுகிறவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதனால் புனைபெயரில்தான் எழுதுவாள். அது அவள்தான் என்று சித்தூரில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

அன்று முதல் அவள் போன் அணைந்தே கிடந்தது. சனிக்கிழமை கண் மருத்துவரைப் பார்க்கத் திருப்பதி பஸ் ஏறினேன். உட்கார முடியவில்லை. பாதி வழியில், சந்திரகிரியிலேயே இறங்கித் திரும்பினேன். வீட்டிலும் இருக்க முடியவில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்ப நேரம் வந்தது. பெயர், ஊர், குறை மூன்றையும் எழுந்து நின்று சொல்லுவது எங்கள் சபை வழக்கம். என் மனைவி எழுந்தாள். மகளின் பெயர், நாடு, புனைபெயர் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"தேவன்கிட்ட கூடவா மறைப்பாங்க?" என்றாள்.

வீடு திரும்பியதும் தெரியாத எண்ணிலிருந்து மகள் அழைத்தாள்.

"நைனா, ஒளிஞ்சிகினு இருக்கேன். அந்தப் பேர்ல எழுதறது யாருன்னு இன்டர்நெட்ல தேடிகினு இருக்காங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லலியே?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போவது அப்போதுதான் உறைத்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆண்டவரே, அதை வெளியே யாரும் கேட்டிருக்கக் கூடாது" என்று ஜெபித்துக்கொண்டே ஆலயத்துக்கு ஓடினேன். நடந்து முடிந்ததற்கு ஜெபமா என்று என் மனமே கேலி செய்தது.

மைக் செட் பார்க்கும் தாஸ் என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

"நீங்களும் திட்டாதீங்கண்ணா. வயரு பூடுச்சி. முதல் பாட்டுக்கு அப்புறம் சத்தமே போவல. பாக்கறவங்க வாய் அசையறத மட்டும் பாத்துகினு இருந்திருக்காங்க."

அங்கேயே முழங்காலில் விழுந்தேன். தாஸ் பயந்துவிட்டார். அந்த வீடியோவை உடனே அழித்தோம்.

சில நாள் கழித்து மகள் எல்லை தாண்டிப் பத்திரமாகச் சேர்ந்தாள். அங்கிருந்து எழுதுகிறாள், அதே புனைபெயரில்.

எதற்கும் தேதி குறிக்கிறவன் நான். இந்தச் சாட்சியில் தேதியோ நாடோ மகளின் பெயரோ எழுதவில்லை; பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஜெபிக்கும் முன்பே வயரைப் பிடுங்கியவர் ஆண்டவர். வாய்விட்டுச் சொல்ல முடியாத குறையையும் அவரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் என் மனைவி எழுந்து, "ஒரு பிள்ளைக்காக" என்று மட்டும் சொல்லி உட்காருகிறாள். எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. ஆமென் மட்டும் சத்தமாக வருகிறது.