தூது போன அக்கா

தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். விற்பனைப் பிரிவு பிடித்து வரும் ஆர்டர்களைத் தொழிற்கூடத்தில் சொல்வது அவர் வேலை. ஒரு பதவி உயர்வுக்காக முட்டிக்கொண்ட நாளிலிருந்து விற்பனை மேனேஜரும் தயாரிப்பு மேனேஜரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

“வெள்ளிக்கிழமை சரக்கு வரலைன்னா நடக்கறதே வேறன்னு அந்தத் தூங்குமூஞ்சிகிட்ட சொல்லுங்க!” என்று விற்பனை மேனேஜர் மாடியில் குதிப்பார். அக்கா கீழே இறங்கி, “சார், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்க உங்களை விட்டா ஆளில்லைன்னு சொல்றார்” என்பார். தயாரிப்பு மேனேஜர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். சரக்கு வியாழனே கிளம்பிவிடும்.

புதிதாக வந்த ஜெனரல் மேனேஜருக்கு அந்தக் காலாண்டில் செலவு குறைந்தால் போதும். “படி ஏறி இறங்க ஒரு சம்பளமா? மெயில்ல பேசிக்கட்டும்” என்று அக்காவை நிறுத்திவிட்டார். இரண்டு மேனேஜர்களும் அதைத் தடுக்கவில்லை. அக்கா எதிராளியின் ஆள் என்ற சந்தேகம் இருவருக்குமே இருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். “டேங்க் காலியாயிடும்மா, வெளியே வந்து அழு” என்றார் கணவர். அழுதுகொண்டே சிரித்துவிட்டார் அக்கா. அடுத்த மாதம் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை கிடைத்தது.

கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் ஒரு கட்டடக்காரர். அவர் தன் ஆர்டர் பம்புகளில் வேறு மோட்டார் பொருத்தித் தரச் சொன்னார். விற்பனை மேனேஜர் தொழிற்கூடத்துக்கு வெடுக்கென்று ஒரு வரி மெயில் அனுப்பினார். “மரியாதையா கேட்டா செய்யலாம்” என்று தயாரிப்பு மேனேஜர் கிடப்பில் போட்டார். பழைய மோட்டாரோடு போன பம்புகள் திரும்பி வந்தன. கட்டடக்காரர் வரவில்லை. செலவைக் குறைத்த பாராட்டோடு ஜெனரல் மேனேஜர் அதற்குள் வேறு கம்பெனிக்குத் தாவியிருந்தார். தொழிற்கூடத்தில் பாதி மூடப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மேனேஜர்களும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அக்காவைத் திரும்பக் கூப்பிட வந்து அவர் வீட்டு வாசலிலேயே மோதிக்கொண்டார்கள். அக்கா இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

“நான் வரலை சார். நீங்க திட்டினதையெல்லாம் நான் பாராட்டா மாத்திச் சொன்னேன். அதனாலதான் ரெண்டு பேரும் பேசவே பழகலை.”

“அப்போ இவர் என்னைப் பாராட்டினதே இல்லையா?” என்று தயாரிப்பு மேனேஜர் பரிதாபமாகக் கேட்டார்.

“ஒரு தடவைகூட இல்லைய்யா” என்றார் விற்பனை மேனேஜர். “அந்த மோட்டார் விஷயத்துல நான் ஒரு போன் பண்ணியிருக்கணும்.”

இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். மாடிப்படியில் குரல்கள் உயர்ந்தன.

“மறுபடியும் சண்டையா?” என்றார் கணவர்.

அக்கா கதவில் காதை வைத்துக் கேட்டார். “மோட்டாரைப் பத்திப் பேசறாங்க” என்று சொல்லிவிட்டு, காபித் தம்ளர்களைக் கழுவப் போனார்.