நியூயார்க் வழியாகப் போன வசவுகள்

ஆர்டிஸ் பெல்ட்டியரின் வாழ்க்கையை எழுத உட்காருபவருக்கு முதல் சிக்கல், அதில் எழுத ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், எண்பத்தேழு வீடுகள் கொண்ட எங்கள் டாப்லியில் பிறந்தார். டாப்லியிலேயே படித்தார். டாப்லி தபால் நிலையத்தின் தலைவியாக முப்பத்தோரு வருடம் இருந்தார். அந்த நிலையமும் அவர் வீட்டின் முன்னறைதான்.

கணவர் ஒருவர் இருந்தார். ஏரியில் மீன் பிடித்து வருகிறேன் என்று கிளம்பியவர், மூன்று வாரம் கழித்து ஃப்ளோரிடாவிலிருந்து கார்டு போட்டார். தபாலில் வருவதை நிலையத்தில் வேலை செய்பவர் படிக்கக் கூடாது என்பது விதி. ஆர்டிஸ் அந்தக் கார்டின் முகவரிப் பக்கத்தை மட்டும் பார்த்தார், நிலையத்துச் சுவரில் வீட்டுக்கொன்றாக இருக்கும் பெட்டிகளில் தன்னுடையதில் போட்டார், ஐந்து மணிக்கு நிலையத்தை மூடினார், அதற்குப் பிறகுதான் அதை எடுத்துத் தான் கைவிடப்பட்ட செய்தியைத் தெரிந்துகொண்டார். அன்று பகல் முழுக்க அவர் சட்டப்படி மணமானவராகவே ஸ்டாம்ப் விற்றார்.

இப்படிப்பட்டவருக்கு அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். டாப்லியில் நாங்களும் நம்பவில்லை.

கரடியார் புத்தகங்களை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு அவை பாலும் ரொட்டியும் மாதிரி. காட்டுப் பாதையில் பனி தள்ளும் கரடியார். அவர்மேல் ஓயாமல் புகார் எழுதும் வாத்தம்மாள். எழுதியவர் ஆஸ்வின் டார்பெல், படம் வரைந்தவர் மிமி வின்டர் என்று அட்டையில் இருக்கும். இரண்டும் புனைபெயர்கள்.

டார்பெல் என்பவர் உண்மையில் ஹார்லன் வோஸ். எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். வண்டிக் கொட்டகையில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள் என்று பெயரை மறைத்தார். மிமி வின்டர் என்பவர் டெல்ஃபீன் சீர். தேவாலயத்தில் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். அவர் வரைந்த கரடிக்குக் காற்சட்டை கிடையாது. அது தெரிந்தால் போதகர் என்ன சொல்வாரோ என்று அவரும் மறைத்தார்.

இருவருக்கும் எதிரெதிர் வீடு. பதினோரு குளிர்காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் எளிது. ஹார்லனின் வண்டி அந்தப் பதினோரு குளிர்காலத்தில் டெல்ஃபீன் வீட்டு வாசலில் சாலையோரம் கம்பத்தில் நட்டிருந்த ஒன்பது தபால் பெட்டிகளை, ஒன்றன்பின் ஒன்றாக, இடித்துத் தள்ளியிருந்தது.

ஒரே புத்தகத்தைச் செய்யும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பது எப்படி என்று கேட்பீர்கள். படப் புத்தக உலகில் அதுதான் மரபு. எழுதியவரின் கதையை நியூயார்க்கில் பதிப்பாசிரியர் வாங்குவார். ஓவியரை அவரே தேர்ந்தெடுப்பார். இருவரையும் சந்திக்க விடமாட்டார். சந்தித்தால் எழுத்தாளர் “வாலை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள்” என்பார், ஓவியர் “நீங்கள் இன்னும் கொஞ்சம் குறைவாக எழுதுங்கள்” என்பார், புத்தகம் அத்தோடு செத்துவிடும். இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

ஆகவே ஹார்லன், தன் எதிர்வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டு, “வாத்தம்மாள் காலையிலேயே கத்தத் தொடங்கினாள்” என்று எழுதுவார். அது நியூயார்க் போய், திரும்ப டாப்லிக்கு வந்து டெல்ஃபீனின் மேசையில் விழும். இதை எழுதியவன் பெண்களைக் கண்டாலே ஆகாத நகரத்துக்காரன் என்று டெல்ஃபீன் முடிவு கட்டி, முத்துமாலை அணிந்து அமைதியாகத் தேநீர் அருந்தும் வாத்து ஒன்றை வரைவார். “கரடியார் கம்பீரமாக வந்தார்” என்ற வரிக்கு, காதை மூடும் மடல்களில் ஒன்று மட்டும் தூக்கி நிற்கும் பனித் தொப்பியும் தொங்கும் தொப்பையுமாக, தபால் பெட்டியை இடித்துத் தள்ளும் கரடி. அதை வரையும்போது அவர் மனதில் யார் இருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

விமர்சகர்கள் மயங்கிப் போனார்கள். சொல்லும் சித்திரமும் ஒன்றையொன்று மறுக்கும் நுட்பமான அங்கதம் என்று பாஸ்டனிலிருந்து ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதினார். கரடியின் முகம் ஹார்லன் மாதிரி இருப்பதை ஊரும் கவனித்தது. ஆனால் கரடிகள் எல்லாமே கொஞ்சம் ஹார்லன் மாதிரிதான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் ஆர்டிஸ். இரண்டு வீட்டு உறைகளும் ஒரே நியூயார்க் முகவரிக்குப் போவதும், குழந்தைகள் எழுதும் கடிதங்கள் அங்கிருந்து இரண்டு மூட்டைகளாக வருவதும் அவர் கண்ணில் படாமல் போகுமா? வாயைத் திறக்கவில்லை. விதி ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. ஆண்டுதோறும் மார்ச்சில் வட்டார அதிகாரி ஸ்னெல் வந்து இரண்டு வாரம் தபால்களை எண்ணுவார். ஆயிரத்துக்குக் குறைந்தால் நிலையத்தை மூடிவிட்டு, பதினோரு மைல் தள்ளியிருக்கும் ஈஸ்ட் ஹார்னரோடு எங்களைச் சேர்த்துவிடுவார்கள். கரடியாருக்குக் குழந்தைகள் எழுதும் கடிதம் இல்லையென்றால் எங்கள் ஊரின் தபால் முந்நூறைத் தாண்டாது. இருவரும் சண்டை போட்டுப் புத்தகம் நின்றால் கடிதம் நிற்கும். கடிதம் நின்றால் நிலையம் போகும். நிலையம் போனால் ஆர்டிஸ், தன் முன்னறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு பிப்ரவரியில் அந்த ஆபத்து வந்தது. நான்காவது கரடியார் புத்தகத்துக்கு வெள்ளிப் பதக்கம் அறிவித்தார்கள். பழைய பதிப்பாசிரியர் ஓய்வு பெற்று, லெவரிட் என்ற இளைஞர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆகவே விபரீதம் செய்தார். “பதக்கம் வழங்கும் விருந்துக்கு நீங்கள் இருவரும் ஒரே காரில் வந்துவிடலாமே, எதிரெதிர் வீடுதானே” என்று இருவருக்கும் எழுதினார்.

பொன் விளிம்பு வைத்த இரண்டு உறைகள். உள்ளே என்ன இருக்கும் என்று ஆர்டிஸுக்கு ஊகம் இருந்தது. குளிர் காயும் அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. அவர் அடுப்பைப் பார்த்தார் என்பது உண்மை. பிறகு இரண்டு உறைகளையும் உரிய பெட்டிகளில் போட்டார் என்பதும் உண்மை.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் அடுப்பைச் சுற்றி நின்று டோனட் தின்றுகொண்டிருந்தோம். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார்கள்.

ஹார்லன்தான் முதலில் பேசினார், கூரையைப் பார்த்து. “ஆர்டிஸ், அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு. நாலு புத்தகமா என் கரடிக்கு ஏன் பேன்ட் போடலைன்னு கேளு.”

“ஆர்டிஸ், அந்தாளுகிட்ட சொல்லு,” என்றார் டெல்ஃபீன். “அவரு இடுப்புக்கு ஏத்த பேன்ட் வரையற அளவுக்குப் பேப்பர் இந்த நாட்டுலயே கிடைக்கலைன்னு சொல்லு.”

“அப்போ அது நான்தானா?”

“ஊர்ல நாலாங்கிளாஸ் பசங்களுக்குக்கூட தெரியும்யா.”

“எனக்கு யாரும் சொல்லலையே,” என்று ஹார்லன் எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லோரும் டோனட்டைக் கவனித்தோம்.

“கத்துற வாத்து யாருன்னு நானும் கேக்கலாமா?” என்றார் டெல்ஃபீன்.

“கேக்க வேண்டாம். கத்திக்கிட்டே கேக்கறியே, அதுவே பதில்தான்.”

டெல்ஃபீன் கையுறையை மாட்டிக்கொண்டார். இனி ஒரு கோடு வரையமாட்டேன் என்றார். ஹார்லன் இனி ஒரு வரி எழுதமாட்டேன் என்றார். எங்களுக்கு அது இரண்டு கலைஞர்களின் பிரிவாக இருந்தது. ஆர்டிஸின் காதில் அது ஆயிரத்துக்கு எழுநூறு குறைவு என்று விழுந்தது.

ஹார்லன் அடுத்த வசவுக்காக மூச்சை இழுத்தபோது ஆர்டிஸ் கையை உயர்த்தினார். அத்தனை வருடத்தில் அவர் கை அப்படி உயர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

“இது தபாலாபீஸ். இங்க சண்டை போடக் கூடாது. சொல்ல வேண்டியதை எழுதுங்க, ஸ்டாம்ப் ஒட்டுங்க, போடுங்க.”

“சரி, எழுதறேன். கொடு ஒரு பேப்பர்,” என்று ஹார்லன் அங்கேயே குனிந்து எழுதி, டெல்ஃபீனின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

டெல்ஃபீன் வாங்கவில்லை. “ஒப்பந்தத்தைப் படிச்சியா நீ? ஒன்பதாவது ஷரத்து. எழுத்தாளர் ஓவியருக்கு எந்தக் கருத்தும் நேரா சொல்லக் கூடாது. பதிப்பாசிரியர் மூலமாத்தான் சொல்லணும்.”

“இது கருத்து இல்ல. திட்டு.”

“உன் திட்டு கருத்துல சேராதா? அப்போ அதை நான் ஏன் படிக்கணும்?”

ஹார்லனுக்குச் சுயமரியாதை இருந்தது. நியூயார்க் முகவரி எழுதி, பதிவுத் தபாலில் போட்டார். எட்டு நாள் கழித்து வசவு போய்ச் சேரும் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார். வசவு போக வேண்டிய வீடு அவர் வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி.

இங்கேதான் லெவரிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனசாட்சியுள்ள பதிப்பாசிரியர். கைக்கு வந்த எதையும் திருத்தாமல் அனுப்பமாட்டார். ஹார்லனின் கடிதம் ஓரக் குறிப்புகளோடு அவருக்கே திரும்பி வந்தது. ‘முதல் பத்தியில் கிழட்டு வாத்து என்கிறீர்கள், மூன்றாவதில் கிழட்டுக் கோழி. வாசகர் குழம்புவார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.’ ‘இந்த வசவு நன்று, ஆனால் இங்கே சீக்கிரம் வந்துவிடுகிறது. முடிவுக்கு வைத்துக்கொள்ளலாமா?’

ஹார்லன் அதைக் கௌண்டரில் வைத்து இரண்டு தரம் படித்தார்.

“என்னய்யா சொல்றான் அவன்?” என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

“அவன் சொல்றது சரிதான்,” என்றார் ஹார்லன் வருத்தத்தோடு. “முடிவுலதான் அது நல்லா உட்காரும்.”

திருத்தி அனுப்பினார். லெவரிட் ஒப்புதல் எழுதினார். பிறகு செம்மையான படி டெல்ஃபீனுக்குப் போனது. டெல்ஃபீனின் பதில் கோட்டோவியங்களாக இருந்தது. அதற்கும் குறிப்பு: ‘நான்காவது படத்தில் கரடியின் பின்புறம் இரண்டு பக்கத்துக்கு நீள்கிறது. பக்கங்கள் சேரும் நடுத் தையலில் மாட்டிக்கொள்ளும்.’ டெல்ஃபீன் ஒரு இரவு யோசித்து, பின்புறத்தை வலது பக்கத்துக்கு நகர்த்தினார்.

ஒரு வசவுக்கு, போகவும் வரவுமாக, ஏழு தபால். ஆர்டிஸுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை.

மார்ச் வந்தது, ஸ்னெல்லும் வந்தார். மூக்கு ஒழுகும், நேர்மையான மனிதர். மூலையில் நாற்காலி போட்டு எண்ணத் தொடங்கினார். குழந்தைகளின் கடித மூட்டைகள் வருவது நின்றிருந்தது. புத்தகம் நின்ற செய்தி பத்திரிகையில் வந்துவிட்டிருந்தது. முதல் வாரம் முடிவில் முந்நூற்றுத் தொண்ணூறு. ஆர்டிஸ் அன்று ஸ்டாம்புகளை நேராக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

நாங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்டிஸுக்கு உதவ என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை தேவாலயத்தில், எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவரைக்கொட்டை விருந்து. அங்கேதான் கரடிக்குக் காற்சட்டை வேண்டுமா கூடாதா என்று ஊர் இரண்டானது. ஒரே மேசையில், ஒரே பானையிலிருந்து அவரைக்கொட்டை பரிமாறிக்கொண்டவர்கள் மறுநாள் லெவரிட்டுக்கு எழுதினார்கள். போதகர் ஆறு பக்கம் எழுதினார். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஆதாம் வாழ்ந்த ஏதேன் தோட்டத்தில் காற்சட்டை இருந்ததாக ஆதாரமில்லை என்பது அவர் கட்சி. லெவரிட் ஒருவரையும் விடாமல் பதில் போட்டார், எல்லோருடைய நடையையும் திருத்தினார். என் கடிதத்தில் உரிச்சொற்கள் அதிகம் என்றார்.

கடைசி நாள் மாலை நாலரை மணிக்குக் கணக்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. ஸ்னெல் மூக்கைத் துடைத்துக்கொண்டு கணக்கை முடித்து எழுத மையைத் திறந்தார். ஆர்டிஸ் தனக்குத் தானே ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் தபால் எண்ணும் நாட்களில் நிலைய ஊழியர் தமக்குத் தாமே எழுதக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டெல்ஃபீன் உள்ளே வந்தார், கையில் தட்டையான பெரிய உறை. அவருக்குப் பின்னாலேயே ஹார்லன், தன் பெட்டியில் தபால் வந்திருக்கிறதா என்று பார்க்க.

“ஐந்தாவது புத்தகம்,” என்றார் டெல்ஃபீன் ஆர்டிஸிடம். “அந்தாளோட வசவை எல்லாம் வரிசையா வச்சுப் பாத்தேன். முப்பத்திரண்டு பக்கத்துக்குக் கச்சிதமா வருது. படம் போட்டுட்டேன். அவரு பாத்து ஒத்துக்கணும்.”

ஹார்லன் கழுத்தை நீட்டினார். “பேன்ட் இருக்கான்னு கேளு.”

“பாத்தா தெரியும்னு சொல்லு.”

ஸ்னெல் மூலையிலிருந்து எழுந்தார். பாவம், உதவி செய்வதாக நினைத்தார். “அம்மா, அவருக்குத்தானே? பின்னாடியே நிக்கிறாரே. கையில குடுத்துட வேண்டியதுதானே? எதுக்கு நியூயார்க் வரைக்கும்?”

அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். டெல்ஃபீனுக்கு முகம் சிவந்தது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவர் போல மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஆர்டிஸ் உறையை எடை போட்டார், முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“சார்,” என்றார் மிக மெதுவாக, “நீங்க யாருகிட்ட வேலை பாக்கறீங்க?”

ஸ்னெல் தன் சட்டையில் இருந்த தபால் துறைச் சின்னத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஆயிரம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணி வண்டியில் உறை நியூயார்க் கிளம்பியது. ஹார்லன் வீட்டுக்குப் போகாமல், தபால் வண்டியின் பின்விளக்கு திருப்பத்தில் மறையும் வரை பனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.