இடப்பக்கம் திரும்பாத வண்டி

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை ஊர்ப் பரசுராமனைப் பெரிய பக்திமான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தினமும் இளநீர் ஏற்றிய மூன்று சக்கர வண்டியில் மலையை முழுதாக வலம் வருகிறாரே! உண்மை என்னவென்றால், அந்த வண்டி இடப்பக்கம் திரும்பாது.

வண்டிக்கு முப்பத்திரண்டு வயது. உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடையாது என்பதால் எல்லாமே வீட்டுத் தயாரிப்பு. ஏர் ஃபில்டரை மூடியிருப்பது ஓர் இட்லித் தட்டு. ஹேண்டில் தண்டு சுழல உள்ளே போடும் புஷ் வளையத்தை, மனைவி ராணியம்மாளின் பித்தளை டம்ளரை அறுத்துச் செய்தார். விளிம்பை ராவ மறந்துவிட்டார். ஹேண்டில் வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், இடப்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். வேறு யாராக இருந்தாலும் கழற்றிச் சரிசெய்திருப்பார்கள். இவரோ, "மலைய வலமாத்தான சுத்தணும்? இடப்பக்கம் இன்னாத்துக்கு?" என்று எங்களையே கேட்டார். அவ்வளவு திமிர்.

போன தை மாதப் பௌர்ணமியன்று மகள் மணிமொழிக்கு வளைகாப்பு. சம்பந்தி வீடு ஒரு கிலோமீட்டர் பின்னால்தான். ஆனால் அந்தத் திசையில் பாதை முழுக்க இடது வளைவு. ரிவர்ஸ் கியருக்கு அவர் இன்னும் பல் செய்யவில்லை. ஆகவே மலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

"ஏங்க, பத்தரைக்குள்ள சாதம் போய் சேரணும். சம்பந்தி முன்னாடி தலகுனிய வெச்சிடாதீங்க. ஆட்டோ சொல்லட்டுமா?" என்று ராணியம்மாள் கெஞ்சினார்.

"எம்பொண்ணு சீர் என் வண்டியிலதான் போவும்."

ஏழு அண்டாக்களில் ஏழு வகைச் சாதம் ஏறியது; கூடவே ராணியம்மாளும் ஏறிக்கொண்டார். அரைக் கிலோமீட்டர் போவதற்குள் கிரிவலக் கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் அண்டாவை எட்டிப் பார்த்து, "அன்னதானமா சாமி?" என்று தட்டை நீட்டினார். "இல்ல, இல்ல" என்று ராணியம்மாள் கத்தியது அரோகரா சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து, "தள்ளாதீங்க, லைன்ல வாங்க" என்று வரிசையை ஒழுங்குபடுத்தி, தனக்கும் கொஞ்சம் புளிசாதம் வாங்கிக்கொண்டார்.

ஆறு அண்டா காலி. சர்க்கரைப் பொங்கல் அண்டாவை மட்டும் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ராணியம்மாள் இறங்கினார். "நீங்களும் வாங்க, நடந்துடலாம்."

"வண்டிய உட்டுட்டு எப்டி வர்றது?"

கூட்டத்துக்கு எதிராக நடந்து ராணியம்மாள் இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். பரசுராமன் கூட்டத்தோடு ஊர்ந்து மலையைச் சுற்றி வந்தபோது மாலை ஐந்து மணி. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கை நிறைய வளையலோடு வந்த மகளைப் பார்த்ததும் மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். ஒரே மகள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அழுதுகொண்டே தட்டில் மீந்திருந்த ஒரு வளையலை எடுத்து, அதன் கனத்தை விரலால் அளந்தார். வண்டியில் எங்கே பொருந்தும் என்று யோசிக்கிறார்!

மணிமொழி கோபிக்கவில்லை. வளையலை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"எடுத்துக்கப்பா. வலி வந்தா நான் ஆம்புலன்ஸ கூப்டுக்குறேன்."