ராஜா போட்ட கடகால்

பின்னறைத் தரையைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். வாளியிலிருந்து சிந்திய தண்ணீர் சுவரோரம் ஓடி, ஒரு மெல்லிய வெடிப்புக்குள் இறங்கியது. மேலே கொஞ்சமும் தேங்கவில்லை. யாரோ உள்ளிருந்து குடிக்கிற மாதிரி இருந்தது.

செஞ்சிக் கோட்டைக்குள் அரண்மனை இருந்த இடத்தில் முழங்கால் உயரக் கல்வரிசைகள்தான் மிச்சம். எது கூடம், எது அடுப்படி என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துக் கட்டடம் ஒன்று கோட்டையடியில் இருக்கும் எங்கள் மனைக்குள்ளும் புதைந்திருந்தது. பின்னறை கட்டத் தோண்டியபோது தட்டைச் செங்கல் சுவர் தட்டுப்பட்டது. அஸ்திவாரத்தை நாங்கள் கடகால் என்போம். கொத்தனார் சிரித்தார்.

"ராஜாவே ஒனக்குக் கடகால் போட்டு வச்சிட்டுப் போயிருக்காருக்கா."

அதன்மேலேயே சுவர் எழுப்பினோம்.

வெடிப்பைப் பார்த்தபோது மருமகளுக்கு ஐந்தாம் மாசம். அவள் கட்டில் அந்த அறையில்தான். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் மண்ணைத் தோண்டக் கூடாது, தரையை உடைக்கக் கூடாது. அதை மீற எனக்கு மனசு வராது. என் வீட்டுக்காரர் சிமெண்டு கரைத்து ஊற்றினார். மறுநாள் அதுவும் உள்ளே போயிருந்தது. சிங்கவரம் ரங்கநாதருக்குக் காசு முடிந்து வைத்தேன்.

பிள்ளைத்தாய்ச்சியிடம் பயப்படும்படி எதுவும் சொல்லவும் கூடாது. ஆகையால் காரணம் சொல்லாமல், முன்னறையில் படு என்றேன். தெருச் சத்தத்தில் தூக்கம் வராது என்றாள். தொண்டூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய் இரேன் என்றேன். அவ்வளவுதான். வளைகாப்பு கூடப் போடாமல் மாமியார் துரத்துகிறாள் என்று என் மகனிடம் அழுதாள். என்னோடு பேச்சை விட்டாள். அவள் குளிக்கப் போகும்போது தரையில் காதை வைத்துக் கேட்பேன். மழை பெய்த மறுநாள், அடியில் ஈரமண் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. பெருமாளே என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவள் தலை வாரும்போது கொண்டை ஊசி நழுவி வெடிப்புக்குள் விழுந்தது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். சத்தமே இல்லை. அப்புறம் எங்கோ அடியில் தண்ணீரில் 'களுக்'கென்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அத்த, இதுக்கா என்னப் போவச் சொன்னீங்க?"

தலையை ஆட்டினேன்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேன். நான் இன்னான்னு நெனச்சிட்டேன் பாருங்க."

அன்றைக்கே பஸ் ஏறினாள்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மூன்றாம் மாசம் அழைத்து வர நாள் பார்த்தோம். அதற்குள் தரையைத் திறந்து மூடிவிடலாம் என்று அதே கொத்தனாரைக் கூப்பிட்டோம். கடப்பாறையால் அங்கங்கே தட்டினார். கட்டில் கிடந்த இடத்தில் 'டொம்'மென்றது. மெதுவாக அடியெடுத்து வெளியே வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"கடகால் இல்லக்கா. இது தண்ணித் தொட்டிச் சொவுரு. மேல மூடி வச்சிருக்காங்க. உள்ள யாரும் போவாதீங்க."

கதவைச் சாத்தினேன். மருமகளுக்குப் போன் போட்டு, இப்போது வர வேண்டாம் என்றேன். இந்த முறை காரணத்தையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு அந்தப் பக்கம் மண் உதிர ஆரம்பித்தது.