பன்னிரண்டு பேட்ஜும் ஒரு பேஷண்ட்டும்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிறவர்களுக்கு என்ன அடிபட்டுவிடப் போகிறது என்று கேட்காதீர்கள். சுவரில் ஒரு சான்றிதழ் மாட்ட வேண்டும், அதற்காக ஒரு பயிற்சி. பயிற்சி தர வந்தவர் பையைத் திறந்ததும் டிஞ்சர் நெடி அறை முழுக்கப் பரவியது. "யாராவது ஒருத்தர் பேஷண்ட்டா வந்து படுங்க" என்றார். அறையில் இருந்த முப்பது பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தது, காபிக் கோப்பைகளை எடுக்க வந்த லட்சுமி அக்காவை. அவரும் தட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்த முப்பது பேரில் நானும் ஒருத்தி. அப்போதுதான் எனக்குச் சாந்தி ஞாபகம் வந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், கிளப். இந்தக் கிளப்புகளின் லட்சணத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இயற்கைக் கிளப்பில் இருபத்தைந்து பேர், குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று. ஆளுக்கொரு மக் தண்ணீர் ஊற்றி அதை அழுகவைத்தார்கள். அறிவியல் கிளப் என்றால் எரிமலை. களிமண், சோடா உப்பு, வினிகர், சிவப்பு மை. வருடா வருடம் அதே எரிமலை பொங்கும், வருடா வருடம் தலைமையாசிரியை அதே மாதிரி வாயைப் பிளப்பார். இலக்கியக் கிளப்பில் 'அறிவியல் வரமா சாபமா' என்று விவாதம். வரம்தான் ஜெயிக்கும், அந்தப் பக்கம் பேசுகிறவள் தலைமையாசிரியையின் அக்கா மகள்.

எங்களுடையது முதலுதவிக் கிளப். எங்களுக்குத்தான் பந்தா ஜாஸ்தி, ஏனென்றால் எங்களுக்கு பேட்ஜ் உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்புக் கூட்டல் குறி. எந்தக் காலத்திலோ தைத்தது, மொத்தம் பன்னிரண்டு. அதனால் உறுப்பினர்களும் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவதாகப் பெயர் கொடுக்க வந்தவள் சாந்தி. ஈஜிபுராவிலிருந்து பஸ்ஸில் வருவாள், ஒல்லி, அதிகம் பேசமாட்டாள்.

"ஏசுவுக்கே பன்னெண்டு பேருதான்மா" என்றார் பொறுப்பாசிரியை எஸ்தர் மிஸ். "பேட்ஜ் இல்ல. நீ வேணா பேஷண்ட்டா இரேன். வெயிட்டும் கம்மி, தூக்க ஈஸி."

அன்றிலிருந்து அந்த வருடம் முழுக்க சாந்திதான் பேஷண்ட். ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பாம்பு கடிக்கும், அடுத்த வெள்ளிக்கிழமை இடது கால் உடையும், அதற்கடுத்த வாரம் வெயிலில் மயங்கி விழுவாள். பேஷண்ட் பேசக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவளைக் கிடத்தி, தலைமாட்டில் நின்று மிஸ் புத்தகத்தைப் படிப்பார். நாங்கள் ஆளுக்கு ஒரு துண்டு வேலை செய்வோம். இரண்டு பேர் காலைத் தூக்க, ஒருத்தி நாடி பார்க்க, ஒருத்தி துணியை நீட்ட. தன் துண்டைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களிடம் இருந்தது அந்தச் சுரைக்காயில் பன்னிரண்டில் ஒரு கீற்று.

எனக்கு அந்தக் கீற்றும் கிடையாது. கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் செயலாளர். உறுப்பினர் ரெஜிஸ்டரில் பெயர், இனிஷியல், அப்பா பெயர், விலாசம் எழுதுவதும், ஆண்டறிக்கை எழுதுவதும் என் வேலை. உயிர் காக்கும் பணியில் நான் பேனா பிடித்தேன்.

ஒரு நாள் சாந்தி என் பெஞ்சுக்கு வந்து ரெஜிஸ்டரைக் காட்டினாள். பன்னிரண்டாவது வரிக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க என் பேரையும் எழுதேன். வருஷக் கடைசில மெம்பருக்கு சர்டிஃபிகேட் தராங்கல்ல. நான் நர்ஸிங் சேரணும். அது இருந்தா நல்லதுன்னு எதுத்த வீட்டு சிஸ்டர் சொன்னாங்க."

"மிஸ்ஸ கேக்குறேன்" என்றேன். கேட்கவும் கேட்டேன். மிஸ் சிரித்தார். "பேஷண்ட்டுக்கு எதுக்குமா சர்டிஃபிகேட்?" நானும் சேர்ந்து சிரித்தேன். மிஸ் சிரித்தால் சிரிப்பதும் செயலாளரின் கடமைகளில் ஒன்று.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகை. கிளப்பின் பழைய குரூப் போட்டோவை மேடையில் வைப்பதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தேன். படியில் தடுக்கி விழுந்தேன். கண்ணாடி நொறுங்கி, முன்கையில் நீளமாக வெட்டியது. இவ்வளவு ரத்தம் எனக்குள் இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு பேர் கிளப் அப்போது செய்ததைக் கேளுங்கள். தலைவி முதலுதவிப் பெட்டியை நோக்கி ஓடினாள். பூட்டு. சாவி மிஸ்ஸிடம், மிஸ் தலைமையாசிரியையோடு வெளியே போயிருந்தார். நாடி பார்க்கிறவள் என் கையைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தாள். காலைத் தூக்குகிற இரண்டு பேர் பழக்கதோஷத்தில் அவள் காலைத் தூக்கினார்கள். மீதிப் பேர் அழுதார்கள்.

சாந்தி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். அன்று அவளுக்குக் கை முறிவு. எழுந்து வந்தாள். கழுத்திலிருந்த தூளியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, அந்தத் துணியைக் கழற்றினாள்.

"கையக் காட்டு. உள்ள கண்ணாடி இல்ல. உக்காரு, கைய மேல தூக்கு. ம், இன்னும் மேல."

கைக்குட்டையை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்தாள். பிறகு துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, "வெரல அசை. மரத்துப் போவுதா?" என்று கேட்டாள். ஒரு வருடமாகத் தன் உடம்பின் மேல் படிக்கப்பட்டது அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

தையல் போட்ட டாக்டர், "யாரு கட்டினது? நீட்டா கட்டிருக்காங்களே" என்றார். நான் பெருமையாக, "எங்க கிளப், டாக்டர்" என்றேன்.

நல்லவேளை அடிபட்டது இடது கை. வலது கையால் அன்றிரவே ஆண்டறிக்கையை முடித்தேன். விழா மேடையில் நானே படித்தேன். 'எதிர்பாராமல் நடந்த விபத்தில் நமது கிளப் உறுப்பினர்கள் துரிதமாகச் செயல்பட்டு முதலுதவி அளித்தனர்.' கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு நாலடி தள்ளி, ஸ்ட்ரெச்சரில், சாந்தி படுத்திருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. பேஷண்ட் திறக்கக் கூடாதே. நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பன்னிரண்டு சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

மறுநாள் அவளிடம், "உன் பேரப் போட மிஸ்தான் ஒத்துக்கல" என்றேன். அறிக்கையை எழுதியது மிஸ் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "ஹோக்லி விடு" என்றாள். போகட்டும் என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழில் இந்தக் கன்னடச் சொல்தான். "தையல் எப்பப் பிரிக்கிறாங்க? தண்ணி படாம பாத்துக்கோ." எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் அதே அளவு வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் கிளப்புகள் கிடையாது, பரீட்சைதான். அவள் வேறு செக்‌ஷனுக்குப் போனாள். பள்ளி முடிந்த பிறகு பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக, நன்றாகவே இருக்கின்றன. ரெஜிஸ்டர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். என் சான்றிதழை நானே எங்கோ தொலைத்துவிட்டேன், ஒரு நாளும் தேவைப்படவில்லை.

சாந்தி நர்ஸ் ஆனாளா என்று தெரியவில்லை. பயிற்சி முடிந்த அன்று மாலை செல்போனில் தேடிப் பார்த்தேன். வெறும் சாந்தி என்று போட்டால் பெங்களூரில் எத்தனை சாந்தி. இனிஷியல் தெரியாது, அப்பா பெயர் தெரியாது, ஈஜிபுராவில் எந்தத் தெரு என்று தெரியாது. அதையெல்லாம் எழுதும் கட்டங்கள் அந்த ரெஜிஸ்டரில் இருந்தன. பன்னிரண்டாவது வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து, அழகாக, இரட்டைக் கோடு போட்டு முடித்தவள் நான்தான்.